தீ வைத்த தளபதிக்குச் சிலை!

பியூரிட்டன்கள் தெய்வ பக்தி மிக்கவர்கள், வழிபாட்டுச் சுதந்திரம் நாடி இங்கிலாந்தை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள் என்று சரித்திரப் புத்தகங்கள் புகழ்கின்றன. சரி, அவர்கள் குடியேறிய மண் யாருடையது? அதில் பயிரிட்டு வாழ்ந்த ஜனங்கள் என்ன ஆனார்கள்? பியூரிட்டன் படைத் தலைவன் ஜான் மேசனின் வாழ்க்கை இதற்குப் பதில் சொல்லும்.

ஹாலந்து யுத்தங்களில் சிப்பாயாக இருந்த மேசன், 1630களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் வந்தான். பிறகு கனெக்டிகட் ஆற்றோரம் வின்ட்சரில் குடியேறினான். அந்தப் பகுதியில் மக்காச்சோளம் பயிரிட்டும், தோல் வியாபாரம் செய்தும் வலுவோடு வாழ்ந்தவர்கள் பீகுவோட் மக்கள். நிலமும் வியாபாரமும் வேண்டுமானால் அவர்கள் ஒழிய வேண்டும்!

இரண்டு வெள்ளை வியாபாரிகளின் கொலை சாக்காகக் கிடைத்தது. 1636-ல் மாசசூசெட்ஸ் படை சென்று பீகுவோட் குடிசைகளைக் கொளுத்தியது. 1637 ஏப்ரலில் பீகுவோட்கள் திருப்பித் தாக்கி, ஒன்பது குடியேறிகளைக் கொன்றனர். உடனே கனெக்டிகட் யுத்தப் பிரகடனம் செய்தது. 90 பேர் கொண்ட படைக்கு மேசன் தலைவனானான். மோஹிகன், நாரகான்செட் என்ற வேறு இரு பழங்குடிகளையும் துணைக்குச் சேர்த்துக் கொண்டான்.

1637 மே 26, விடியற்காலை. மிஸ்டிக் என்னுமிடத்தில், மரவேலி சூழ்ந்த கிராமம் உறங்கிக் கொண்டிருந்தது. மேசன் தன் கையாலேயே கொள்ளியை எடுத்துக் குடிசையில் வைத்தான். தப்பி ஓடியவர்கள் சுடப்பட்டார்கள், வெட்டப்பட்டார்கள். ஒரு மணி நேரத்திற்குள் 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். படையில் இறந்த வெள்ளையர் இருவர்! கடவுளே எதிரிகளைப் பார்த்து நகைத்தார் என்று மேசன் பிற்பாடு எழுதி வைத்தான். கூட வந்த நாரகான்செட்களோ, இந்த யுத்த முறை கொடியது, அளவுக்கு மீறிக் கொல்கிறது என்று கூவினார்கள். இதை எழுதியவன் மேசனோடு நின்ற இன்னொரு தளபதி, அண்டர்ஹில். யார் நாகரிகம் அற்றவர்கள்?

எஞ்சியவர்களில் பலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். 1638 ஹார்ட்ஃபோர்டு ஒப்பந்தம் பீகுவோட் என்ற பெயரையே சொல்லக் கூடாது என்றது. மேசனுக்கோ பீகுவோட் மண்ணில் நிலமும் ஒரு தீவும் மானியமாகக் கிடைத்தன. 1660-ல் துணைக் கவர்னராகவும் ஆனான். 1672-ல் இறந்தான்.

துணை நின்றவர்கள் பிழைத்தார்களா? 1675 டிசம்பரில் நாரகான்செட்களின் கோட்டையையும் குடியேறிகள் இதே போலக் கொளுத்தினார்கள். மோஹிகன் நிலத்துக்கு மேசனே காப்பாளனாக இருந்தான். அந்த நிலம் கையை விட்டுப் போக, மோஹிகன்கள் லண்டன் வரை வழக்காடி 1773-ல் தோற்றார்கள். இன்று பக்கத்து வீட்டுக்காரனை ஒழிக்க உன்னைக் கூட்டாளி என்பவன், நாளை உன் வீட்டு வாசலுக்கு வருவான்!

இது ஒரு கொடியவனின் கதை மட்டுமா? இல்லை. 1703-ல் நியூ இங்கிலாந்து சட்டசபை, செவ்விந்தியரின் ஒவ்வொரு தலைத்தோலுக்கும் 40 பவுன் வெகுமதி அறிவித்தது. மூலதனம் ஆதியில் எப்படிச் சேர்ந்தது என்று விளக்குகையில், இந்தக் கணக்கை மார்க்ஸ் தமது 'மூலதனம்' நூலில் எடுத்துக் காட்டினார். நிலத்தைப் பறிப்பதுதான் நோக்கம். வேதம் அதற்குப் போர்த்திய போர்வை.

1889-ல் மேசனுக்கு மிஸ்டிக்கிலேயே சிலை எழுப்பினார்கள். நூறாண்டுக்குப் பிறகு பீகுவோட் மக்கள் போராடினார்கள். 1990களில் சிலை அங்கிருந்து பெயர்க்கப்பட்டு வின்ட்சருக்குப் போயிற்று. பெயரே கூடாது என்று தடுக்கப்பட்ட அந்த மக்களில் ஒரு பிரிவினரை, 1983-ல் அமெரிக்க அரசே சட்டம் இயற்றி அங்கீகரிக்க வேண்டியதாயிற்று.

தோழர்களே! நிலத்தில் உழைக்கிறவர்களும் ஆலையில் உழைக்கிறவர்களும் எந்தச் சிலையைக் கண்டாலும் ஒரு கேள்வி கேட்போம்: இவர் காலடியில் கிடக்கும் மண் யாரிடமிருந்து வந்தது?