ஒரு பொத்தானில் ஓர் உலகம்!

ஒரு பொத்தானை அமுக்கினால் ஓர் உலகமே வெடித்துச் சிதறுகிறது!

மலை போகிறது. கடல் போகிறது. ஊர் போகிறது. மக்கள் போகிறார்கள். மிஞ்சுவது பாறைத் துண்டுகள்தான்.

அமுக்கியது யார்? பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு பையனாக இருக்கலாம். வேலைக்குப் போய்த் திரும்பிய அவனுடைய அப்பாவாகவும் இருக்கலாம்.

பயப்பட வேண்டாம். இது நிஜம் அல்ல. கம்ப்யூட்டர் விளையாட்டு!

"ஸ்டார் வார்ஸ்: எம்பயர் அட் வார்" என்பது அதன் பெயர். "போரில் இறங்கிய பேரரசு" என்று பொருள் சொல்லலாம். 2006ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வெளிவந்தது. இன்றும் ஆடுகிறார்கள். 17 ஆண்டுகள் கழித்து, 2023இல், புதிய கம்ப்யூட்டர்களில் நன்றாக ஓடும்படி அதைச் செப்பனிட்டுக் கொடுத்தார்கள். அந்த அளவுக்கு அதற்கு மவுசு!

இப்படிப்பட்ட விளையாட்டைப் பிள்ளைகள் ஆடலாமா? பல வீடுகளில் எழும் கேள்வி இது.

சினிமாவில் பிறந்தது

அமெரிக்காவில் ஜார்ஜ் லூகாஸ் என்ற டைரக்டர் 1977ஆம் ஆண்டு "ஸ்டார் வார்ஸ்" படத்தை எடுத்தார். விண்வெளியில் ஒரு கொடிய பேரரசு. அதை எதிர்க்கும் ஒரு சிறு கூட்டம். இதுதான் கதை. படம் சக்கைப்போடு போட்டது. 1980இலும் 1983இலும் அடுத்த பாகங்கள் வந்தன. பிறகும் பல வந்தன.

அந்தக் கதையை வைத்தே இந்த விளையாட்டைச் செய்தார்கள். செய்தவர்கள் அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் நகரில் உள்ள பெட்ரோகிளிஃப் என்ற கம்பெனியார். அவர்கள் இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள் அல்ல. அவர்களில் பலர் வெஸ்ட்வுட் என்ற பழைய கம்பெனியில் இருந்தவர்கள். அந்தக் கம்பெனி 1992இல் "டியூன் 2" என்ற விளையாட்டை வெளியிட்டது. இந்த வகைப் போர் விளையாட்டுக்கு வழி போட்டது அதுதான்.

சதுரங்கத்திலும் போர் உண்டு. ஆனால் அதில் ஒருவர் காய் நகர்த்தும் வரை மற்றவர் காத்திருப்பார். இதில் அந்தப் பேச்சே இல்லை! கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவர் யோசிக்கும் நேரத்தில் எதிரி கோட்டையையே கட்டி முடித்துவிடுவான்.

ஆட்டம் எப்படி?

திரையில் வானம் விரிகிறது. அதில் பல கிரகங்கள். பேரரசின் பக்கம் ஆடலாம். புரட்சிக்காரர் பக்கமும் ஆடலாம்.

ஒரு கிரகத்தைப் பிடித்தால் அங்கிருந்து பணம் வரும். சில கிரகங்களைப் பிடித்தால் கப்பல் கட்டும் செலவு குறையும். பணத்தைக் கொண்டு பட்டாளம் திரட்ட வேண்டும். முதலில் வானத்தில் போர். அதில் வென்றால் தரையில் போர். வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கணக்குப் பார்க்காதவன் தோற்பான்.

பேரரசிடம் பெரிய கப்பல்கள் உண்டு. பெரிய சேனை உண்டு. புரட்சிக்காரரிடம் அந்தப் பலம் இல்லை. அவர்களுக்குத் தந்திரம்தான் துணை. சிறு படை ஒன்று எதிரியின் காவலைத் தாண்டி நழுவிப் போய்த் தரையில் இறங்கிவிடும். படத்தில் வரும் இரண்டு இயந்திர மனிதர்களை அனுப்பி எதிரியின் தொழில் ரகசியத்தைத் திருடவும் செய்யலாம்!

இதெல்லாம் புத்திக்கு வேலை. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முன்யோசனை, சிக்கனம், பொறுமை மூன்றும் இதற்கு வேண்டும். அவசரக்காரனுக்கு இந்த ஆட்டத்தில் புத்தி மட்டு என்று தெரிந்துவிடும்.

பிறகு எங்கே ஆபத்து?

அந்தப் பொத்தானில்தான்!

"டெத் ஸ்டார்" என்று ஓர் ஆயுதம் உண்டு. ஒரு சிறு சந்திரன் போலப் பெரிது. பேரரசின் பக்கம் ஆடுகிறவர் அதைக் கட்டி முடித்தால் கிரகத்தையே தூளாக்கலாம்.

படத்திலும் இது வருகிறது. ஆல்டரான் என்ற கிரகத்தைத் தார்க்கின் என்ற அதிகாரி அழிக்கிறான். அங்கே பிறந்தவர்கள் மீது அவனுக்குக் கோபம் கூட இல்லை. மற்றவர்கள் பயப்பட வேண்டும், அவ்வளவுதான்! இளவரசி லேயாவின் கண் முன்னாலேயே அவளுடைய உலகத்தை எரிக்கிறான். வேறு ஓர் இடத்தில் கப்பலில் போய்க்கொண்டிருக்கும் ஒபி-வான் என்ற பெரியவருக்கு அந்த நொடியில் நெஞ்சு பதறுகிறது. தள்ளாடி உட்கார்ந்துவிடுகிறார்.

படம் பார்க்கிறவரும் அவரோடு சேர்ந்து பதறுகிறார். ஏன்? லேயாவின் முகம் தெரிகிறது. பெரியவரின் துக்கம் தெரிகிறது.

விளையாட்டில் என்ன தெரிகிறது? கணக்குத்தான் தெரிகிறது! அந்தக் கிரகத்திலிருந்து இனி வருமானம் இல்லை. எதிரிக்கும் இல்லை. "நமக்கு லாபமா, நஷ்டமா?" என்று மனம் கூட்டிக் கழிக்கிறது. யாரும் தள்ளாடி உட்காருவதில்லை.

படத்தில் கண்ணீராக இருந்தது, விளையாட்டில் வரவு செலவாகிவிட்டது. இதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

இன்னொன்றும் உண்டு. பெயர் பெற்ற தலைவனான டார்த் வேடர் போரில் விழுந்தால், கொஞ்ச நாள் கழித்துத் திரும்பி வருகிறான். முகமூடி போட்ட சாதாரணச் சிப்பாய் விழுந்தால், விழுந்ததுதான்! அவனுக்குப் பெயரும் இல்லை. முகமும் இல்லை. பணம் கொடுத்தால் வேறு ஆள் வருவான். பெரியவன் உயிர் வேறு, சின்னவன் உயிர் வேறு என்று இது சொல்லாமல் சொல்கிறது.

தடுத்துவிடலாமா?

"அப்படியானால் இந்த விளையாட்டே வேண்டாம்" என்பார்கள் சிலர். அது அவசரப்பட்ட பேச்சு.

பிள்ளைகள் எந்தக் காலத்திலும் போர் விளையாடியிருக்கிறார்கள். பெரியவர்களும் விளையாடியிருக்கிறார்கள். எச்.ஜி.வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் விஞ்ஞானக் கதைகளில் மன்னர். செவ்வாய்க் கிரகத்தார் பூமியைத் தாக்குவதாக 1898இலேயே நாவல் எழுதியவர். அவரே பொம்மைச் சிப்பாய்களை வைத்துத் தரையில் உட்கார்ந்து போர் ஆடினார்! அதற்குச் சட்டதிட்டம் வகுத்து 1913இல் ஒரு புத்தகமும் போட்டார்.

போர் வெறி பிடித்து அவர் ஆடவில்லை. பொம்மைப் போரை ஆடிப் பார்த்தால் நிஜப் போர் எத்தனை பெரிய மடமை என்று புரியும் என்பது அவர் கட்சி. அடுத்த ஆண்டே, 1914இல், முதல் உலகப் போர் மூண்டது. லட்சக்கணக்கான நிஜச் சிப்பாய்கள் மாண்டார்கள். அவர்கள் யாரும் பொம்மை அல்ல.

வெல்ஸ் சொன்னதில் உண்மை உண்டு. போர் விளையாட்டு ஒருவனைக் கொடியவன் ஆக்கிவிடாது. ஆனால் நல்லவன் ஆக்கும் வேலையையும் அது தானாகச் செய்யாது. அந்த வேலை பக்கத்தில் இருக்கும் பெரியவர்களுடையது.

வீட்டில் செய்ய வேண்டியது

முதலாவது, வயது. இந்த விளையாட்டு 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஏற்றது என்று அமெரிக்காவில் முத்திரை கொடுத்திருக்கிறார்கள். சின்னக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போவது சரியல்ல.

இரண்டாவது, படத்தை முதலில் காட்ட வேண்டும். லேயாவின் முகத்தைப் பார்த்த பிள்ளைக்கும் பார்க்காத பிள்ளைக்கும் வித்தியாசம் உண்டு.

மூன்றாவது, இரண்டு பக்கமும் ஆடச் சொல்ல வேண்டும். பேரரசாக ஆடினால் பலத்தின் போதை தெரியும். புரட்சிக்காரராக ஆடினால், அந்தப் பலத்தின் கீழ் நசுங்குகிறவன் பாடு தெரியும். அத்தனை பெரிய டெத் ஸ்டாரையும், விமானி லூக் இருக்கும் ஒரு சிறு படையைக் கொண்டு வானப் போரில் வென்று தகர்த்துவிடலாம் என்பதும் தெரியும்!

நான்காவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பையன் பொத்தானை அமுக்குகிறான். கிரகம் வெடிக்கிறது. அப்போது திட்ட வேண்டாம். கம்ப்யூட்டரைப் பிடுங்கவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்.

"அங்கே யார் யார் இருந்தார்கள், தம்பி?"

அவன் சிரிக்கலாம். "அது வெறும் விளையாட்டு" என்று சொல்லலாம். சொல்லட்டும்! கேள்வி மனத்தில் விழுந்துவிட்டது. அடுத்த முறை பொத்தானுக்குப் போகும் விரல் ஒரு நொடி தயங்கும்.

நிஜ உலகத்திலும் இன்று போர் திரையில் நடக்கிறது. தொலைவில் உட்கார்ந்தவர் பொத்தானை அமுக்குகிறார். எங்கோ ஒரு வீடு இடிகிறது. அமுக்குகிறவர் கண்ணுக்கு அது ஒரு புள்ளி. இடிந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அதுதான் உலகம்.

நாளைக்கு அந்த நாற்காலிகளில் உட்காரப் போகிறவர்கள் இன்றைய பிள்ளைகள்தான். புள்ளிக்குப் பின்னால் மனிதர் இருக்கிறார் என்று அவர்களுக்கு யாராவது சொல்லித் தர வேண்டும். கம்ப்யூட்டர் அதைச் சொல்லித் தராது. அம்மாவும் அப்பாவும்தான் சொல்ல வேண்டும்!