பிரான்ஸைப் பார்க்காத பிரெஞ்சு நாற்காலி

கேளம்பாக்கத்தைச் சுற்றி எழும்பியிருக்கும் அடுக்ககங்களிலும், கிழக்கே கடற்கரைச் சாலை பங்களாக்களிலும் ஒரு ரஸனை பரவி வருகிறது: பழைய பிரெஞ்சு மரச்சாமான் சேகரிப்பது. சேகரிக்கட்டும். பணம் இருப்பவன் எதையாவது வாங்கத்தான் செய்வான். என் சண்டை அவனோடு இல்லை. நம்மிலேயே ஒருவர், நல்ல கவிதைகள் எழுதியவர், தமிழனுக்கு வீட்டுப் பொருளில் அழகுணர்ச்சி என்பதே கிடையாது என்றும், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் விட்டுச் சென்றவையும் அவற்றைத் தேடிக் காப்பாற்றும் சேகரிப்பாளர்களும் இல்லையென்றால் நாற்காலி என்பதற்கு ஒரு வடிவம் உண்டென்றே நமக்குத் தெரிந்திராது என்றும் சொல்லி வருகிறார். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். அந்தத் தலையாட்டலோடுதான் என் சண்டை.

பிரெஞ்சுக்காரன் விட்டுச் சென்றது என்ன? கேளம்பாக்கத்திலிருந்து உப்பளங்களைத் தாண்டிப் போனால் கோவளம். அங்கே நவாப் அன்வருதீன் கட்டிய கோட்டை 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. 1752-இல் கிளைவ் அதைப் பிடித்துத் தகர்த்தான். இரண்டு வருஷம், அவ்வளவுதான் இந்தப் பக்கத்துப் பிரெஞ்சு சரித்திரம். புதுச்சேரியின் கதியும் பெரிய அளவில் இதேதான். 1761 ஜனவரியில் சரணடைந்த நகரை ஆங்கிலேயர்கள் நிதானமாக, திட்டம் போட்டு இடித்தார்கள். கவர்னர் மாளிகையும் தப்பவில்லை. 1765-இல் திரும்பக் கிடைத்த ஊர் மறுபடி மறுபடி கைமாறி, 1816-இல்தான் பிரெஞ்சுக்காரருக்கு நிலைத்தது. ஆகவே டூப்ளே உட்கார்ந்த நாற்காலி என்று எவராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகர்வது நல்லது. இன்று புதுச்சேரி சாமான் என்று சந்தையில் புழங்குவதில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தேக்கிலும் தோதகத்தியிலும் இங்கேயே, நம் ஆசாரிகள் செய்தது.

நகல்தானே என்பார் நண்பர். பார்ப்போம். பதினைந்தாம் லூயி காலத்துப் பாரிஸ் அலமாரியின் உள்ளே இருப்பது சாதாரண ஓக் சட்டம். அதன்மேல் தூரதேசத்து மரங்களை மெல்லிய தகடுகளாக அறுத்து விலங்குப் பசையால் ஒட்டி, விளிம்புகளில் பொன்முலாம் பூசிய வெண்கலத்தைப் பொருத்துவார்கள். கண்ணைப் பறிக்கும் வேலை, மறுக்கவில்லை. ஆனால் அதைக் கப்பலேற்றி இந்தக் கரையில் இறக்கினால் ஐப்பசி ஈரத்தில் பசை நெகிழ்ந்து தகடு உரியும்; மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். ஆசாரிகள் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு, செய்முறையை விட்டுவிட்டார்கள். மேலே முழங்கால்போலப் புடைத்துக் கீழே ஒடுங்கிச் சுருளும் அந்தக் காலைக் கெட்டி மரத்தில் நேராகச் செதுக்கினார்கள். வளைகிற இடத்தில் மரத்தின் ரேகை குறுக்கே ஓடினால் கால் முறிந்துவிடும். கட்டையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை இருக்கிறது. பஞ்சும் பட்டும் அடைத்த இருக்கைக்குப் பதிலாக, முதுகு வேர்க்காமலிருக்கப் பிரம்பு பின்னினார்கள். (பிரம்புப் பின்னல் ஐரோப்பாவுக்கே 17ஆம் நூற்றாண்டில் கீழ்த்திசைக் கப்பல்களில்தான் போய்ச் சேர்ந்தது. இதை நண்பருக்கு யாராவது சொன்னால் நல்லது.) வடிவம் ஓர் ஊரிலும் மரமும் வெயிலும் வேறோர் ஊரிலும் இருக்கும்போது இடையில் யாரோ ஒருவன் யோசித்தாக வேண்டியிருக்கிறது. அந்த யோசனைக்குப் பெயர் நகல் என்றால், சிருஷ்டி என்பது எது?

யோசித்தவன் பெயர் தெரியாது. சிக்கல் முழுக்க அதில்தான் இருக்கிறது. பாரிஸ் தச்சர் சங்கம் 18ஆம் நூற்றாண்டின் நடுவில், தலைமைத் தச்சன் ஒவ்வொருவனும் தன் பெயரை இரும்பு முத்திரையால் மரத்தில் அடித்தாக வேண்டும் என்று விதித்தது. 1791-இல் சங்கங்கள் ஒழிக்கப்படும்வரை இது நடந்தது. ஏலக்காரர்கள் இன்றும் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்ப்பது இந்த முத்திரைக்காகத்தான். நம் ஆசாரி எதையும் அடிக்கவில்லை. காலியாக இருந்த அந்த இடத்தில் 'பிரெஞ்சு' என்று எழுதிக்கொண்டார்கள்.

இது புதுப் பழக்கமும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் கருங்காலியில் பூவும் கொடியுமாகச் செதுக்கிய நாற்காலிகள் இங்கிலாந்துக்குப் போயின. அடுத்த நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்ற மகா ரஸிகர் அவற்றை ட்யூடர் மன்னர் காலத்து ஆங்கில வேலை என்று நம்பித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் வாங்கி வைத்தார். இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. சீனத்தில் செய்த அரக்குத் திரைகள் இந்தக் கரைத் துறைமுகங்கள் வழியே கப்பலேறியதால் 'கோரமண்டல்' திரைகள் என்று பெயர் பெற்றன; பாரிஸ் தச்சர்கள் அவற்றை வெட்டி அலமாரிக்கு முகப்பாக ஒட்டினார்கள். நாம் செய்யாததற்கு நம் பெயர், செய்ததற்கு அடுத்தவன் பெயர்.

பெயரை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு வெர்சேயில் என்ன நடந்தது என்று பாருங்கள். புரட்சி அரசு 1793 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம் அரண்மனைச் சாமான்களை ஏலம் போட்டது. 17,000-க்கும் மேற்பட்ட உருப்படிகள். போனதைத் திரும்ப வாங்குவதில் முனைந்த அதே அரண்மனை, இந்த நூற்றாண்டில் ராஜ நாற்காலிகள் என்று சிலவற்றை வாங்கி, 2016-இல் அவை போலி என்று தெரிந்து தலைகுனிந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் தண்டனை விதித்தது. தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவர் 18ஆம் நூற்றாண்டு நாற்காலியைப் பற்றிப் பிரமாணமான நூல் எழுதிய நிபுணர். மற்றவர் கைதேர்ந்த மரச்செதுக்காளர். அரண்மனை ஏமாந்தது வேலையின் தரத்தில் அல்ல. அந்தச் செதுக்காளரின் கை பழைய கைக்குச் சற்றும் குறைந்ததில்லை.

நம் பக்கங்களில் நடப்பதும் இதுதான் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். பார்த், ஃபூக்கோ, தெரிதா என்று கட்டுரையின் அடியில் முத்திரை குத்தினால் போதும், கவிழ்த்துப் பார்ப்பவர்கள் திருப்தியடைகிறார்கள். 1980-இல் வெ. ஸ்ரீராம் காம்யுவின் 'அந்நிய'னைப் பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழில் தந்தார். அது ஆசாரி வேலை: வேற்று மொழியின் வளைவைத் தமிழின் ரேகை முறியாமல் செதுக்குவது. அதைத் தமிழில் மட்டுமே படித்தவர்கள்தான் நம்மில் முக்காலும். ஆனால் 'காம்யு படித்தேன்' என்போமே தவிர, யாருடைய தமிழில் படித்தோம் என்று சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி, 'காப்பாற்றுதல்'. காரைக்குடித் தெருவில் அடுக்கி வைத்திருக்கும் பர்மாத் தேக்குத் தூண்களும் பெல்ஜியக் கண்ணாடிகளும் எனாமல் தட்டுகளும் எப்படி அங்கே வந்தன? வீடு உடைந்து வந்தன. நூறு வருஷம் கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் வருஷத்துச் சட்டம் தடை போடுகிறது. செட்டிநாட்டிலிருந்து கேளம்பாக்கத்துக்கு அனுப்பத் தடையில்லை. கூடத்தில் நின்ற தூண் வரவேற்பறையில் பூச்சட்டி தாங்குகிறது. இதைக் காப்பாற்றுதல் என்பது கசாப்புக் கடையைக் கோசாலை என்பதுபோல.

என் பக்கத்து அடுக்ககத்தில் ஒருவர் 'பதினைந்தாம் லூயி' சோபா ஒன்றை வாங்கி, கால் ஆடுகிறதென்று தையூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆசாரியை வரவழைத்தார். நானும் போய்ப் பார்த்தேன். ஆசாரி அதைக் கவிழ்த்து, மூட்டுகளை விரலால் தடவி, "முழுசும் தோதகத்திங்க சார், எங்கேயும் ஒட்டு இல்லை. வெள்ளைக்காரன் ஊர்ல இவ்வளவு மரத்துக்கு எங்கே போவான்? நம்மாளு செஞ்சதுதான்" என்றார், சந்தோஷமாக. வீட்டுக்காரர் முகம் சுண்டிவிட்டது. கடைக்காரர் பிரெஞ்சு என்று எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக் காட்டினார். ஆசாரி அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் காலைச் சரிசெய்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று, மூட்டு இருந்த இடம் தெரியவில்லை.

இப்படிப்பட்ட வேலை அவருக்கு வருஷத்தில் ஒன்றோ இரண்டோதான் வருகிறதாம். மற்ற நாட்களில் இந்தச் சாலையின் புது வீடுகளில் பிளைவுட் சட்டம் அடித்து, மேலே மர ரேகை அச்சடித்த மைக்காவைப் பசை தடவி ஒட்டுகிறார்.