ஃபால்அவுட் 3: அப்பாக்கள் முதலில் விளையாட வேண்டிய கேம்

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரம் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான். பெரியவர்கள், "படிப்புக்குத்தான் வாங்கியிருக்கோம்" என்பார்கள். பிள்ளைகள் கேம் கேட்பார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு போகிறவர்கள் வீடுகளில் இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். இன்ஜினியரிங் படித்து சாஃப்ட்வேர் வேலையில் இருப்பதால், பிரின்டர் ஓடவில்லை என்றாலும் விண்டோஸ் மக்கர் செய்தாலும் எங்கள் தெருவில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கிளம்பும்போது, "தம்பி, பையன் ஏதோ கேம் கேக்கிறான், போட்டுக் குடுத்துட்டுப் போ" என்று ஒரு வேலையும் சேர்ந்து வரும்.

2024 ஏப்ரலில் அமேசான் பிரைமில் 'ஃபால்அவுட்' தொடர் வந்த பிறகு, பையன்கள் அந்தப் பெயரில் உள்ள கேமைக் கேட்கிறார்கள். அதிலும் ஃபால்அவுட் 3. காரணம் எளிது. அது 2008ல் வந்த பழைய கேம். அன்றைக்கு அது கேட்டது 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 பிராசஸர், விண்டோஸ் எக்ஸ்பி என்றால் 1 ஜிபி ராம், 256 எம்பி கிராஃபிக்ஸ் கார்டு. இன்றைய சாதாரண கம்ப்யூட்டருக்கு இது பெரிய சுமை இல்லை. ரோலிங் மில்லில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார், "பதிமூணு வயசுப் பையனுக்கு இது சரிப்படுமா?" "பையனுக்கு வேண்டாம்ணே. நீங்க ஆடுங்க" என்றேன். சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்காக ஒரு விளக்கம். இது ஆர்பிஜி வகைக் கேம். அதாவது ரோல் பிளேயிங் கேம். தெருக்கூத்தில் வேஷம் கட்டுகிறோமே, அதைப் போலத்தான். கார் ரேஸில் உங்கள் கை வேகம் மட்டும் போதும். ஆர்பிஜியில் நீங்கள் ஒரு ஆளாக மாறி, யாரிடம் என்ன பேசுவது, யாரை நம்புவது, யாருக்கு உதவுவது என்று முடிவு செய்துகொண்டே போக வேண்டும். முடிவுக்குத் தகுந்தபடி கதை மாறும். பலம், கூர்மை, தாக்குப்பிடிக்கும் சக்தி, பேச்சுத் திறமை, அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என்று ஏழு குணங்களுக்கு நீங்களே மார்க் போட்டு உங்கள் ஆளை உருவாக்குகிறீர்கள். பேச்சுத் திறமைக்கு அதிக மார்க் போட்டால், துப்பாக்கி எடுக்க வேண்டிய சில இடங்களில் பேசியே தப்பிக்கலாம்.

அமெரிக்காவின் பெத்தெஸ்டா நிறுவனம் இதைத் தயாரித்தது. 2077ல் நடந்த அணு ஆயுதப் போரில் உலகம் அழிந்து 200 ஆண்டுகள் கழித்து, 2277ல் கதை நடக்கிறது. இடம், இடிந்து கிடக்கும் வாஷிங்டன். நீங்கள் பிறப்பதிலிருந்து கேம் தொடங்குகிறது. பிறக்கும்போதே அம்மா இறந்துவிடுகிறார். வால்ட் 101 என்ற நிலவறைக்குள் அப்பா உங்களை வளர்க்கிறார். அப்பாவுக்குக் குரல் கொடுத்தவர் ஹாலிவுட் நடிகர் லியாம் நீசன். பத்து வயதுப் பிறந்தநாள், பதினாறு வயதில் ஒரு பரீட்சை என்று போய், பத்தொன்பது வயதில் ஒருநாள் விழித்தால் அப்பாவைக் காணோம். அவரைத் தேடி நிலவறைக் கதவைத் திறந்து வெளியே வருகிறீர்கள். வெயிலில் கண் கூசி, மெதுவாகக் காட்சி தெளிந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாழ்பட்ட பூமி தெரியும். கேம் என்றால் சுடுவது மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு, காலேஜ் நாட்களில் அந்த ஒரு காட்சியே போதுமானதாக இருந்தது.

அப்பா எதற்காகப் போனார் தெரியுமா? தண்ணீருக்காக. ஆறு, குழாய், குட்டை எல்லாத் தண்ணீரிலும் கதிர்வீச்சு கலந்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்யும் ஒரு மெஷினை ஓட வைப்பதுதான் அவருடைய கனவு. கேமில் தாகத்துக்குக் குழாய்த் தண்ணீர் குடித்தால் உடம்பு கொஞ்சம் தேறும். ஆனால் கதிர்வீச்சு அளவும் கூடிக்கொண்டே போகும். அது 1000ஐத் தொட்டால் ஆள் காலி. மானியின் டிக் டிக் சத்தம் கேட்கும்போது குடிப்பதா வேண்டாமா என்று கை தயங்கும்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், புழல், 2020ல் திறந்த கண்ணன்கோட்டை-தேர்வாய்கண்டிகை என்று சென்னைக்குக் குடிநீர் கொடுக்கும் ஏரிகள் இருப்பது நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஆனால் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருக்களில் வீட்டு வாசல்தோறும் காலி வாட்டர் கேன் நிற்கிறது. போர் தண்ணீரை வாயில் வைக்கப் பலரும் யோசிக்கிறார்கள். யாரோ அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதிய கதை, இங்கே கேன் தண்ணீருக்குக் காசு எண்ணும் வீட்டுக்குள்ளும் பொருந்துகிறது என்றால் அது சாதாரண எழுத்து இல்லை. இதைத்தான் இந்தக் கேமின் முதல் பலமாகச் சொல்வேன்.

இரண்டாவது பலம், அது உங்களை முடிவெடுக்க வைக்கும் விதம். மெகாடன் என்றொரு சிற்றூர். வெடிக்காத அணுகுண்டு ஒன்று ஊர் நடுவில் கிடக்கிறது. அதைச் சுற்றியே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ஊர்த் தலைவர், அதைச் செயலிழக்கச் செய்ய முடியுமா என்று கேட்கிறார். அங்கேயே உள்ள கடையில் கோட் சூட் போட்ட ஒருவர், அதை வெடிக்க வைத்தால் பணம் தருகிறேன் என்கிறார். தூரத்தில் மாளிகையில் குடியிருக்கும் பணக்காரர் ஒருவருக்கு இந்த ஊர் கண்ணை உறுத்துகிறதாம்! இரண்டையும் கேம் தடுப்பதில்லை. வெடிக்க வைத்தால் ஊர் நிஜமாகவே போய்விடும். அங்கே நீங்கள் பேசிப் பழகிய ஏறக்குறைய எல்லோரும் போய்விடுவார்கள்.

இனி குறைகள். எல்லோரும் முதலில் சொல்வது வன்முறையை. அது உண்மைதான். வேட்ஸ் என்ற வசதியில் ஆட்டத்தை நிறுத்தி, எதிரியின் தலையா, கையா, காலா என்று குறி வைக்கலாம். பிறகு அது ஸ்லோமோஷனில், உறுப்புகள் சிதறுவதோடு காட்டப்படும். போதை மருந்து எடுக்கலாம், அடிமையும் ஆகலாம். கெட்ட வார்த்தை உண்டு. பாலியல் தொழில் பற்றிய பேச்சு உண்டு. மனிதர்களைப் பிடித்து அடிமைச் சந்தையில் விற்கக்கூட முடியும். அமெரிக்காவில் 17 வயதுக்கு மேல், ஐரோப்பாவில் 18 என்று முத்திரை குத்தியது சும்மா இல்லை.

ஆனால் என்னைக் கேட்டால் பெரிய குறை வேறு. இந்தக் கேம் உங்கள் பாவ புண்ணியத்துக்குக் கணக்கு வைக்கிறது. அதன் பெயரே கர்மா! திருடினால் மைனஸ். உதவினால் பிளஸ். சரிதானே என்று தோன்றும். ஆனால் கணக்கு வெறும் கூட்டல் கழித்தல்தான். மெகாடனை வெடிக்க வைத்துவிட்டு, ரிவெட் சிட்டி வாசலில் தண்ணீர் கேட்டு நிற்பவருக்குச் சுத்தமான தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். கர்மா ஏறிக்கொண்டே வரும். பொறுமை இருந்தால் மறுபடியும் நல்லவர் ஆகிவிடலாம். ஊரைக் கொளுத்திவிட்டுத் தண்ணீர்ப் பந்தல் வைத்த கதை.

இதைவிட மோசம், டென்பென்னி டவர். மதில் கட்டி, காவல் போட்டு வசதியானவர்கள் வாழும் அடுக்குமாடி. கதிர்வீச்சில் தோல் வெந்து போன 'கூல்' மனிதர்களை உள்ளே விடமாட்டார்கள். அவர்களின் தலைவன் ராய் ஃபிலிப்ஸ் இடம் கேட்கிறான். நீங்கள் இரு பக்கமும் பேசிச் சமாதானம் செய்து வைக்கலாம். புண்ணியமும் சேரும். சில நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். உள்ளே வந்தவர்கள் பழைய குடித்தனக்காரர்கள் அனைவரையும் கொன்றுவிட்டார்கள். எழுதியவருக்கு ஒரு சபாஷ்! நல்லது செய்தோம் என்ற நினைப்பையே கேம் கலைத்துவிடுகிறது. ஆனால் அந்தக் கோபத்தில் ராயைக் கொன்றால் கர்மா மைனஸ் என்று காட்டும். கதை ஒன்று சொல்கிறது, கணக்குப்பிள்ளை வேறொன்று எழுதுகிறார். நான் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன் என்பதால் இது எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. கதைக்கு ஒருவர், மார்க்குக்கு ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும்.

வளர்ந்தவர் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நம் ஊரில் நடக்காததா என்று நகர்ந்துவிடுவார். பதிமூன்று வயசுப் பையன் எதைப் பார்ப்பான்? மார்க்கைத்தான் பார்ப்பான். நாம் அவனை அப்படித்தானே வளர்த்திருக்கிறோம். இரத்தத்தைவிட எனக்கு இதில்தான் கவலை.

இந்தக் கேமுக்கு இந்தியாவில் ஒரு தனிக் கதை உண்டு. 2008 அக்டோபரில், வெளியீட்டுக்குச் சற்று முன், எக்ஸ்பாக்ஸ் 360க்கான ஃபால்அவுட் 3ஐ இந்தியாவில் வெளியிடப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நம் நாட்டுக் கலாச்சார உணர்வுகளைக் கருதி எடுத்த முடிவு என்றார்கள். அரசு தடை எதுவும் இல்லை. எந்த உணர்வு, எந்தக் காட்சி என்று விளக்கமும் இல்லை. கேமில் வரும் இரட்டைத் தலை மாட்டுக்கு 'பிராமின்' என்று பெயர், அதனால்தான் இருக்கும் என்று பலர் யூகித்தார்கள். அமெரிக்காவில் 'பிராமன்' என்றே ஒரு மாட்டினம் உண்டு. இந்தியாவிலிருந்து போன மாடுகளின் வம்சம். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினால் போய்ச் சேரும் நெல்லூர்ப் பக்கத்து மாடும் அதன் முன்னோர்களில் ஒன்று. பெயர் வந்த வழி அதுவாகவும் இருக்கலாம். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம்.

அதே 2008ல் ஆஸ்திரேலியாவில் தணிக்கை வாரியம் முதலில் அனுமதி மறுத்தது. ஏன் என்றும் சொன்னது: நிஜ மருந்தான மார்ஃபின் பெயரும் பயன்பாடும். பெத்தெஸ்டா அந்தப் பெயரை மெட்-எக்ஸ் என்று மாற்றியது, அனுமதி கிடைத்தது. ஜப்பான் பதிப்பில் மெகாடன் குண்டை வெடிக்கும் வழியையே எடுத்துவிட்டார்கள். ஹிரோஷிமாவைப் பார்த்த நாடு. நாகசாகியில் விழுந்த குண்டின் பெயரான 'ஃபேட் மேன்' என்பதைத் தாங்கிய ஆயுதத்துக்கும் அங்கே வேறு பெயர். அங்கெல்லாம் என்ன பிரச்சினை என்று ஜனங்களுக்குத் தெரிந்தது. நமக்கு வெறும் 'வராது' என்ற பதில்தான்.

விளைவு என்ன? 2021ல் பெத்தெஸ்டாவையே மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. ஆன்லைன் கடைகள் பிறந்த தேதி கேட்கும். 1980 என்று அடித்தால் கதவு திறந்துவிடும். பெட்டியும் அட்டையும் இல்லாமல் பென் டிரைவில் கைமாறும் காப்பியில் அந்தக் கேள்விகூடக் கிடையாது. வைரஸ் இலவசமாக வரலாம். சினிமா சென்சார் போர்டு போல, கேம்களுக்கு வயது முத்திரை குத்த இங்கே ஓர் அமைப்பு இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் குறி வைப்பது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை. ஃபால்அவுட்டில் இரத்தம் எவ்வளவு என்று அளப்பது அதன் வேலையல்ல. ஆக, சென்சார் ஆபீசர் நீங்கள்தான். படத்தைப் பார்க்காமல் சான்றிதழ் கொடுக்கும் ஆபீசர் எதற்கு?

அதனால்தான் அந்த அண்ணனை ஆடச் சொன்னேன். நைட் ஷிப்டு முடித்து வந்தவரால் முழுக் கேமையும் ஆட முடியாது. தேவையும் இல்லை. நிலவறையை விட்டு வெளியே வந்து, மெகாடனுக்குள் ஒரு சுற்று சுற்றினாலே கேம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். பையனுக்கு விண்டோஸில் தனி அக்கவுன்ட் போட்டு, மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியில் வயது வரம்பு வைக்கலாம். ஸ்டீமிலும் பெற்றோர் கட்டுப்பாடு இருக்கிறது. எதைச் செய்தாலும் கம்ப்யூட்டரை ஹாலில் வையுங்கள், ரூமுக்குள் வேண்டாம்.

ஆடப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கேம் அடிக்கடி நின்றுவிடும். பல கோர் பிராசஸர்களோடு அதற்கு ஒத்துப்போகாது. டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் மை கேம்ஸ், அதற்குள் ஃபால்அவுட்3 என்ற ஃபோல்டரைத் திறந்தால் ஃபால்அவுட் என்ற ஐஎன்ஐ ஃபைல் இருக்கும். அதை ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, பிராசஸர் த்ரெட் எண்ணிக்கையை 2 என்று வைக்கும் வரியைச் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகும். கதையின் முடிவும் முதலில் அரைகுறைதான். 2009ல் வந்த 'ப்ரோக்கன் ஸ்டீல்' என்ற கூடுதல் பாகம் அதைச் சரி செய்கிறது. அதுவும் சேர்ந்த பதிப்பையே வாங்கவும்.

கேம் தானாக சேவ் செய்யும் என்று நம்பி இருக்காதீர்கள். மெகாடன் வாசலில் நின்று, தனிப் பெயரில் ஒரு சேவ் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.