பழவேற்காடு போகும் வழியில் எண்ணூரிலும் இறங்குங்கள்

டிசம்பர் வந்தால் வட சென்னை வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு பிளான் கட்டாயம் வரும்: "சண்டே பழவேற்காடு போலாம், பூநாரை வந்திருக்காம்." நல்ல பிளான்தான். வண்ணாரப்பேட்டையிலிருந்து கிளம்பி, கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் பொன்னேரி வரை போய், பஸ் மாறினால் வெயில் ஏறும் முன் ஏரிக்கரையில் நிற்கலாம். ஆனால் அந்த நாளில் ஒரு மணி நேரத்தையாவது எண்ணூருக்குக் கொடுங்கள் என்பேன்.

எண்ணூர் ஸ்டேஷனைத் தாண்டியதும் ரயில் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கும். ஜன்னலுக்கு வெளியே சேறு, உயர் அழுத்த மின்கம்பிகள், அனல் மின் நிலையப் புகைபோக்கிகள். "இங்க என்னப்பா பறவை இருக்கப்போகுது" என்று எல்லோரும் போனைப் பார்க்கத் தொடங்கும் இடம் இது.

அந்தச் சேறுதான் விஷயமே. கடல்நீர் இறங்கும்போது வெளியே தெரியும் சேற்றுத்திட்டில் புழுவும் சிப்பியும் குட்டி நண்டும் நிறைந்திருக்கும். மத்திய ஆசிய வலசைப் பாதையில் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் கரைப்பறவைகளுக்கு இதுதான் சாப்பாடு. உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு, மேலாகக் கொத்தும். மூக்கனுக்கு நீண்ட அலகு, ஆழத்தில் துழாவும். ஒரே சேறுதான், ஆனால் ஆளுக்கொரு மாடி. பூநாரை அலகைத் தலைகீழாக நீரில் வைத்து வடிகட்டித் தின்னும். அதன் இளஞ்சிவப்பே அது தின்னும் பாசியிலும் சிற்றிறால்களிலும் உள்ள நிறமியிலிருந்து வருவதுதான்.

பழவேற்காட்டின் தமிழகப் பகுதி 1980-லேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. எண்ணூருக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடலோர வரைபடம் எண்ணூர்க் கழிமுகத்தில் சுமார் 6,500 ஏக்கரை, கட்டுமானம் கூடாத பகுதியாகக் குறித்திருந்தது. பிறகு என்ன ஆச்சு? அந்தப் பரப்புக்குள்ளேயே பல தொழில் கட்டுமானங்கள் எழுந்தன. அனல் மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் ஆற்றில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. 2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமே தலையிட வேண்டி வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து சேர்ந்தது. எண்ணெய் அப்பிய இறக்கைகளோடு கூழைக்கடாக்கள் நின்ற படங்களை நீங்களும் ஃபார்வர்டு செய்திருப்பீர்கள்.

"துறைமுகமும் கரண்ட்டும் வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டும். வட சென்னையில் எத்தனையோ வீடுகளில் ஹார்பர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. இருப்பதை மூடச் சொல்லி நான் வாதாடவில்லை. 330 ஏக்கர் காட்டுப்பள்ளி துறைமுகத்தை 6,110 ஏக்கராக்கும் திட்டம் மாதிரி ஒன்று வரும்போது, அந்தச் சதுப்பைக் காலி இடமாக எண்ணாதீர்கள் என்கிறேன். மழைக்காலத்தில் கொசஸ்தலை கொண்டுவரும் வெள்ளம் கடலில் சேரும் வாசலும் இதே கழிமுகம்தான். அதை நிரப்பினால் தண்ணீர் பறவையைத் தேடிப் போகாது. மணலிக்கும் திருவொற்றியூருக்கும்தான் வரும்.

இதில் பறவை பார்ப்பவருக்கு என்ன வேலை? எண்ணிக்கை. ஓர் இடத்தில் எந்தப் பறவை, எப்போது, எத்தனை என்ற பதிவு இல்லையென்றால் "இங்கே ஒன்றுமில்லை" என்று எழுதுவது ரொம்ப சுலபம். எல்லோரும் பழவேற்காட்டுக்கே பட்டியல் போட்டால் எண்ணூரின் பக்கம் வெறுமையாகவே கிடக்கும். ஈபேர்டு செயலி இலவசம். 15 நிமிடம் நின்று, பார்த்ததை எல்லாம் எண்ணிப் போட்டால் ஒரு பட்டியல். 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகம் முழுக்க இப்படி ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது, லீவும் இருக்கிறது.

பழவேற்காட்டில் கரையிலிருந்தே பாருங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். படகு நெருங்கினால் பூநாரைக் கூட்டமும் மேயாமல் எழுந்துவிடும். எண்ணூரில் எத்தனை மணிக்கு நீர் இறங்கும் என்று தெரியவில்லையா? கரையில் வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும் அண்ணனைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார். அப்படியே இப்போது இறால் எப்படி என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.