புகையைப் பார்த்ததும் இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்

3 லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய டீசல் வண்டி பின்னால் புகை விட ஆரம்பித்தால், பட்டறையில் சீக்கிரமே காதில் விழும் வார்த்தை "ஓவர்ஹால்". ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ட்ரைட்டன் என்று நம் ஊரில் நாள் தவறாமல் உழைக்கும் வண்டிகளை வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டதும் பதறிப் போகிறார்கள். ஓவர்ஹால் என்றால் ஆயிரக்கணக்கான வெள்ளி செலவு. வண்டியும் பல நாள் பட்டறையில் கிடக்கும். காய்கறி ஏற்றுபவருக்கும் சிறு குத்தகை வேலை செய்பவருக்கும் அத்தனை நாளும் வருமானம் இல்லை.

வயதான வண்டி என்பதற்காகப் புகைக்குக் காரணம் எப்போதும் தேய்ந்த இன்ஜினாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கிழிந்த ஒரு ரப்பர் குழாயோ, அடைத்துப்போன ஒரு ஃபில்டரோ கூட அதே அளவு புகையைக் கிளப்பும். எனவே பணத்தை எடுத்து வைக்கும் முன் புகையின் நிறம், அது வரும் நேரம், அதன் வாசனை மூன்றையும் நீங்களே கவனியுங்கள். நிறம் கோளாறு எந்தப் பக்கம் என்று காட்டும். நேரம்தான் எந்தப் பாகம் என்று காட்டும்.

டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜினைப் போல ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது அது 500 டிகிரிக்கும் மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். காற்று குறைந்தாலோ டீசல் கூடினாலோ கறுப்புப் புகை. சூடு போதாமல் டீசல் எரியாமல் வந்தாலோ, தண்ணீர் உள்ளே கலந்தாலோ வெள்ளைப் புகை. இன்ஜின் ஆயில் சேர்ந்து எரிந்தால் நீலப் புகை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிது.

கறுப்புப் புகை

மூன்றில் அதிகம் காணப்படுவதும், பெரும்பாலும் குறைந்த செலவில் தீர்வதும் இதுதான். டிபிஎஃப் எனப்படும் புகை வடிகட்டி இல்லாத பழைய வண்டிகளில், எக்ஸலரேட்டரை ஓங்கி மிதிக்கும்போது ஒரு கணம் லேசாகக் கறுப்புப் புகை வருவது இயல்பு. தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் வழியெல்லாம் பின்னால் வருபவர் கண்ணாடியை ஏற்றும் அளவுக்கு வந்தால், அது கோளாறு.

முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். செம்மண் சாலையிலும் தோட்டப் பாதையிலும் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே அது அடைத்துவிடும். அடுத்து, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் ரப்பர் குழாய்கள். வண்டி இழுக்கும்போது "உஸ்" என்று காற்று போகும் சத்தம், சக்திக் குறைவு, கூடவே கறுப்புப் புகை என்றால் குழாயில் கிழிசல் இருக்க வாய்ப்பு அதிகம். சில கிழிசல்கள் வண்டி நிற்கும்போது தெரியாது. காற்று அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். குழாயின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும், இன்ஜின் ஆறிய பிறகு.

மூன்றாவது, இஜிஆர் வால்வு. எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் கதவு இது. பிள்ளையைப் பள்ளியில் விட, சந்தைக்குப் போய்வர என்று குறுகிய தூரமே ஓடும் வண்டியில் இதில் கரி படிந்து, மூடாமல் சிக்கிக்கொள்ளும். அப்போது சுத்தமான காற்று போதாது. கழற்றிச் சுத்தம் செய்தாலே பல வண்டிகளில் புகை குறைந்துவிடும். இவற்றையெல்லாம் பார்த்த பிறகுதான் இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும்.

டிபிஎஃப் உள்ள புதிய வண்டிகளுக்கு ஒரு குறிப்பு. அவற்றின் குழாய் நுனியில் கறுப்புப் புகையே வரக்கூடாது. வந்தால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது முன்பு வைத்திருந்தவர் அதைக் கழற்றிவிட்டார்.

வெள்ளைப் புகை

காலையில் ஸ்டார்ட் செய்ததும் மெல்லிய ஆவி வந்து இரண்டொரு நிமிடத்தில் மறைந்தால் கவலை இல்லை. குழாயில் தேங்கிய ஈரம் அது. கேமரன் மலையில் இரவு தங்கிய வண்டிகளில் இது நன்றாகவே தெரியும்.

வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் வாசனையும் எரிச்சலும் பதில் சொல்லும். எரியாத டீசல் வாடை அடித்து, கண் எரிந்து, இன்ஜினும் சூடேறும்வரை நடுங்கினால், குளோ பிளக் வேலை செய்யவில்லை என்று முதலில் சந்தேகப்படலாம். காலை ஸ்டார்ட்டின்போது இன்ஜினைச் சூடாக்கிக் கொடுப்பது இதுதான். நம் ஊர் வெப்பத்தில் நான்கில் ஒன்று பழுதானால் பலருக்குத் தெரிவதே இல்லை. இரண்டு மூன்று போன பிறகுதான் புகை காட்டிக்கொடுக்கும். ஒரு மீட்டரை வைத்து அங்கேயே சோதித்துவிடலாம். சூடேறிய பிறகும் அதே புகை வந்தால், ஒழுகும் இன்ஜெக்டரோ குறைந்த கம்ப்ரெஷனோ காரணமாக இருக்கலாம்.

டீசல் ஃபில்டரையும் மறக்கக்கூடாது. நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து வரும் பயோடீசல் கலந்திருக்கிறது. சாதாரண டீசலைவிட அது ஈரத்தை அதிகம் இழுக்கும். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தேங்கிய தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். வெள்ளத்தில் இறங்கி வந்த வண்டி என்றால் அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

இனி, வெள்ளைப் புகை லேசான இனிப்பு வாசனையோடு அடர்த்தியாக வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், விஷயம் பெரிது. கூலன்ட் இன்ஜினுக்குள் போகிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட் விரிசல் விட்டிருக்கலாம், அல்லது இஜிஆர் கூலர் உள்ளே ஓட்டையாகியிருக்கலாம். கடைசியில் சொன்னதைப் பல பட்டறைகளில் பார்ப்பதில்லை. ஹெட்டைக் கழற்றும் முன் அதைத் தனியாக அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை வண்டியை ஓட்ட வேண்டாம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவும் வேண்டாம்.

நீலப் புகை

"ஓவர்ஹால்" என்ற சொல் அதிகம் வருவது இங்கேதான். இங்கும் நேரம்தான் முக்கியம். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு குப்பென்று நீலப் புகை விட்டு நின்றால், வால்வு சீல் தேய்ந்து எண்ணெய் சொட்டியிருக்கலாம். நெரிசலில் வெகுநேரம் நின்றுவிட்டுக் கிளம்பும்போது வந்தால் டர்போவின் எண்ணெய் சீலையும் பார்க்க வேண்டும். இன்டர்கூலர் குழாயைக் கழற்றினால் உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது சாதாரணம். குட்டையாகத் தேங்கியிருந்தால் சாதாரணம் அல்ல.

மேடு, சமவெளி, சூடு, குளிர் என்ற வித்தியாசமே இல்லாமல் எப்போதும் நீலப் புகை வந்தால்தான் பிஸ்டன் ரிங் மீது சந்தேகம் வர வேண்டும். அப்போதும் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றப்பட்டிருக்கிறதா, இன்ஜினின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டுமே ரிங் தேய்ந்தது போலவே நடிக்கும்.

ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றித் தலைகீழாக அந்த வாயின் மேலேயே வையுங்கள். ஐட்லிங்கில் மூடி லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்து, புகையும் ரயில் வண்டி போல வந்தால், எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே வருகிறது என்று சந்தேகிக்கலாம். இது ஒரு குறிப்பு மட்டுமே. தீர்ப்புச் சொல்ல வேண்டியது கம்ப்ரெஷன் சோதனை. சூடான எண்ணெய் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

நீலப் புகையோடு டிப்ஸ்டிக்கில் ஆயில் வேகமாகக் குறைந்தால் நெடுந்தூரப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். டர்போ சீல் முழுவதுமாகப் போனால், டீசல் இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து வெறிபிடித்தது போல வேகமெடுக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் கியர் வண்டி என்றால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரில் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினை அடக்கலாம். ஆட்டோமேட்டிக் என்றால் பாதுகாப்பாக ஓரம் கட்டி, ஆட்களை இறக்கி, தள்ளி நில்லுங்கள்.

பட்டறையில் என்ன கேட்பது?

மூன்று நாளைக்கு ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள்: எப்போது புகை வந்தது, என்ன நிறம், எவ்வளவு நேரம், டிப்ஸ்டிக்கிலும் கூலன்ட் தொட்டியிலும் அளவு எவ்வளவு இறங்கியது. "புகை வருது பாஸ்" என்று சொல்வதற்கும் இந்தத் தாளைக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் பில்லில் தெரியும்.

பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். ஸ்கேனர் போட்டு ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த அளவையும் பார்த்தீர்களா? இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசலைப் புட்டியில் பிடித்து அளந்தீர்களா? நான்கு சிலிண்டரின் கம்ப்ரெஷன் அளவுகளையும் எழுதித் தருவீர்களா? ஒரு புட்டி மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரெஷன் நான்கிலும் சமமாகவும் கையேடு சொல்லும் அளவிலும் இருந்தால், ரிங் மாற்ற வேண்டும் என்பதற்கு வேறு வலுவான காரணம் காட்டச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் மாற்றினால் அதன் எண்ணைக் கணினியில் பதிய வேண்டிய வண்டிகள் பல உண்டு. பதியாவிட்டால் புதிய இன்ஜெக்டரும் புகை விடும்.

இந்தச் சோதனைகளை நீங்களே செய்யப் பார்க்க வேண்டாம். காமன் ரெயில் குழாயில் டீசல் 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் ஓடுகிறது. ஊசி முனை அளவு கசிவு கூடத் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பவரிடம் முன்பே சொல்லிவிட்டுக் காலையில் போங்கள், பானட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் காலைப் புகையை நீங்கள் பார்க்கக்கூடாது என்று யாரோ நினைத்திருக்கலாம். கெட்டியான ஆயில் ஊற்றியும் நீலப் புகையைச் சில நாள் மறைக்க முடியும்.

"ஓடுகிறவரை ஓடட்டும்" என்று விட்டுவிடுவதும் சரியல்ல. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். கறுப்புப் புகை என்பது நாம் காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட டீசல். டீசல் வாகனப் புகைக்கு 1996-ஆம் ஆண்டு விதிகளே வரம்பு வைத்திருக்கின்றன, சுற்றுச்சூழல் இலாகா சாலையிலேயே நிறுத்திச் சோதிக்கலாம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது வீட்டு வாசலில் நிற்கும் நம் பிள்ளைகள்தான்.

நாளைக் காலை வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது உடனே ஏறி உட்கார வேண்டாம். வீட்டில் ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, பின்னால் பக்கவாட்டில் நின்று இரண்டு நிமிடம் பாருங்கள். அந்தத் தாளில் எழுத வேண்டிய முதல் வரி அங்கே கிடைக்கும்.