ஒரு ஜீப்பின் வடிவமும் இரண்டு ஞாபகங்களும்

2020 ஜூலை 1ஆம் திகதி, பிரித்தானியக் கோடீஸ்வரர் ஜிம் ராட்கிளிஃபின் இனியோஸ் நிறுவனம் தனது முதல் வாகனத்தின் தோற்றத்தை வெளியிட்டது. பெயர் கிரெனேடியர். பெட்டி போன்ற உடல், தட்டையான கண்ணாடிகள், வட்ட முன்விளக்குகள், பின்கதவில் தொங்கும் உதிரிச் சக்கரம். பார்த்த பலரும் உடனே கேட்டது ஒன்றுதான்: இது லாண்ட் ரோவர் டிபென்டர் அல்லவா?

பழைய டிபென்டரின் உற்பத்தி 2016 ஜனவரி 29ஆம் திகதி இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையில் முடிவுக்கு வந்திருந்தது. 1948இல் தொடங்கிய அந்த வரிசையில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் வெளிவந்தன. புகை வெளியேற்றமும் பாதுகாப்பும் பற்றிய புதிய விதிகளுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. அதைத் தொடர்ந்து தயாரிக்கும் உரிமையை ராட்கிளிஃப் கேட்டார். 2008 முதல் இந்தியாவின் டாட்டா குழுமத்துக்குச் சொந்தமாக உள்ள லாண்ட் ரோவர் மறுத்தது. அவர் தானே ஒன்றைச் செய்ய முடிவெடுத்தார். அந்த யோசனை பிறந்த லண்டன் மதுபானசாலையின் பெயர்தான் வாகனத்துக்கும் வந்தது.

இதற்கிடையே 2019 செப்டெம்பரில் லாண்ட் ரோவர் புதிய டிபென்டரை அறிமுகம் செய்தது. அதில் பழைய ஏணிச் சட்டகம் இல்லை. முழு அச்சுகள் இல்லை. பழைய ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதை டிபென்டர் என்று ஏற்கவே மறுத்தார்கள். எனவே கிரெனேடியர் வந்தபோது, லாண்ட் ரோவரையே வாழ்நாள் முழுக்க ஓட்டியவர்கள் போட்டி நிறுவனத்தின் வாகனத்தைத் தங்களுடையதாகக் கொண்டாடினார்கள். ஏணிச் சட்டகம் உண்டு, உழவு இயந்திரங்களுக்கு அச்சுகள் செய்யும் இத்தாலியின் கராரோ நிறுவனத்தின் முழு அச்சுகள் உண்டு, கையுறையோடு அழுத்தக்கூடிய பெரிய பொத்தான்கள் உண்டு என்று பட்டியல் போட்டார்கள்.

மற்றொரு சாராருக்கு இது போதவில்லை. இயந்திரம் ஜேர்மனியின் பிஎம்டபிள்யூ உடையது. கையால் மாற்றும் கியர் கிடையாது. வேல்ஸில் தொழிற்சாலை அமைப்பதாகச் சொன்ன நிறுவனம் கடைசியில் பிரான்சின் ஹம்பாக் நகரத்துக்குப் போனது. பிரெக்சிட்டை ஆதரித்த ராட்கிளிஃப் 'பிரித்தானிய' ஜீப்பை பிரான்சில் செய்கிறார் என்ற கேலி நீண்ட நாள் ஓடியது. விலையோ எந்த விவசாயிக்கும் எட்டாதது என்றார்கள். புதிய டிபென்டரை வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே விலகி நின்றார்கள். அவர்களுடைய வாகனம் வருடத்துக்கு ஒரு இலட்சத்துக்கும் மேல் விற்பனையாகும் நிலைக்கு உயர்ந்தது.

இந்தச் சண்டையில் இயந்திர நுட்பம் பாதிதான். மீதி, ஒரு வடிவத்தின் வாரிசு யார் என்பது. அது நீதிமன்றம் வரை போனது. பழைய டிபென்டரின் வடிவத்தை வர்த்தகச் சின்னமாகப் பதிவுசெய்ய லாண்ட் ரோவர் முயன்றது. பிரித்தானிய அறிவுசார் சொத்து அலுவலகம் மறுத்தது. 2020 ஓகஸ்டில் உயர் நீதிமன்றமும் மறுப்பை உறுதிசெய்தது. வடிவமைப்பிலுள்ள வேறுபாடுகள் நிபுணர்களுக்கு முக்கியமாகத் தெரியலாம், சாதாரண நுகர்வோருக்கு அவை கண்ணிலே படாமலும் போகலாம் என்பது மறுப்புக்கான காரணங்களில் ஒன்று.

அந்த வாசகத்தில்தான் நான் நின்றுவிட்டேன். ஒரு வடிவத்தைப் பார்க்கும் கண்கள் அங்கு இரண்டு வகை: நிபுணரின் கண், வாங்குபவரின் கண். வாகனத்தை வாங்கவும் போகாத, நிபுணருமில்லாத, ஆனால் அதைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளும் மூன்றாவது கண் ஒன்று உண்டு. வீதியோரத்தில் நிறுத்தப்பட்டவரின் கண்.

யாழ்ப்பாணத்தில் 2006க்குப் பிந்திய வருடங்களில் இராணுவத் தொடரணி போகும்வரை வீதிகள் மூடப்படும். சைக்கிளை விட்டிறங்கி மதிலோரம் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் வளர்ந்த எங்களுக்கு வாகனத்தின் சத்தமே போதுமாயிருந்தது. ட்ரக் எது, பவல் எது, அதிகாரி வரும் டிபென்டர் எது என்று பிள்ளைகளும் சொல்வார்கள். தெற்கில் அதே ஜீப் அமைச்சர்மாரின் பின்னால் ஓடும் அதிகாரத்தின் அடையாளம். இங்கு அது இறங்கி நிற்கவேண்டிய காரணம்.

வாகன ரசிகர்களின் உணர்வே எங்களுக்கு அந்நியமானது என்று இதற்குப் பொருளில்லை. அவர்கள் பழைய டிபென்டரில் மதிப்பது, ஒரு ஸ்பனரோடு வீதியோரத்திலேயே திருத்திவிடலாம் என்பதை. அதை யாழ்ப்பாணத்தவருக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள்தான் நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயின. கணினி இல்லாத இயந்திரத்தின் அருமை எங்களுக்குப் பொழுதுபோக்காக வரவில்லை. உயிர் தப்பும் வழியாக வந்தது. கிரெனேடியருக்காக வாதாடும் பிரித்தானிய முதியவரையும், மண்ணெண்ணெய்க் காரைப் பத்திரமாக வைத்திருக்கும் எங்களூர்ப் பெரியவரையும் ஒரே வாங்கில் இருத்தினால் நீண்ட நேரம் கதைப்பார்கள்.

பிரிவது ஞாபகத்தில்தான். ரசிகர்களும் விளம்பரங்களும் திரும்பத் திரும்பக் காட்டும் டிபென்டர், பண்ணைக்கும் பாலைவனத்துக்கும் மலைக்கும் போனது. அதே வடிவம் பெல்பாஸ்ட் வீதிகளில் கவசமிட்ட பொலிஸ் வாகனமாகவும் ஓடியது. வட அயர்லாந்துக்காகச் செய்யப்பட்ட 'ஸ்னாட்ச்' லாண்ட் ரோவர் பின்னர் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போனது. வீதியோரக் குண்டுகளைத் தாங்காத அதைப் பிரித்தானியச் சிப்பாய்களே நடமாடும் சவப்பெட்டி என்றார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் வழக்குத் தொடரலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்பான வாகனங்கள் தாமதமானதை 2016இல் சில்கொட் அறிக்கை கண்டித்தது. அந்தக் குடும்பங்கள் விடாமல் பேசியதால்தான் அந்த ஞாபகம் பதிவில் நிற்கிறது. அதே வாகனத்தை வீட்டு வாசலில் நின்று பார்த்த பஸ்ராக்காரர்களின் ஞாபகம் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

ரசனையைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் இளைஞர்களிடமும் டிபென்டர் ஆசை இருக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் ஒரு வடிவத்தின் வாரிசு யார் என்று உலகமே விவாதிக்கும்போது, அதன் மறுபக்க வரலாற்றைச் சொல்லும் பொறுப்பு அதைப் பார்த்தவர்களுக்கு உண்டு. எங்கள் ஆவணப்படுத்தலில் காணாமல் போனோரின் பெயர்களும் திகதிகளும் இருக்கின்றன. வாகனங்கள், சத்தங்கள், நின்ற இடங்கள் போன்ற அன்றாடத் தடயங்கள் குறைவு. அவற்றை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு வயதாகிறது.

பிரித்தானியாவில் பழைய இராணுவ லாண்ட் ரோவரை வாங்கி மீளமைப்பவர்கள் முதலில் தேடுவது அதன் சேவைப் பதிவை: எந்தப் படைப்பிரிவு, எந்த வருடங்கள், எப்போது விற்கப்பட்டது. எந்தச் சந்தியில் யாரை இறக்கி நிறுத்தியது என்பதற்கு அந்தப் பதிவில் இடமில்லை. அந்தப் பக்கத்தை நாங்கள்தான் எழுதவேண்டும்.