நகத்தின் மேல் மூன்று வாரப் பூச்சு

ஓலைப்பெட்டி முடையும் கைகளுக்குச் சிறிது நிறம் வேண்டும் என்று ஆசைப்படுவதில் குற்றம் ஒன்றுமில்லை. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்களின் பனையோலைக் கைவினை ஊர் கடந்து பெயர் பெற்றது. இறால் உரிப்பதும் நண்டு உடைப்பதும் அத்தகைய கைகள்தாம். மருதாணி போதாதா என்று மூத்தோர் கேட்க, இளையோர் இணையத்தில் டிப் பவுடர் செட்டைத் தேடுகிறார்கள். என் கருத்தை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: தொழுகையைப் பேணும் பெண்ணுக்கு இது ஒத்துவராது.

செய்முறையை அறிந்தால் காரணம் விளங்கும். நகத்தில் முதலில் தடவும் திரவம் பெரும்பாலும் சயனோஅக்ரிலேட். ஃபெவிக்விக் பசையும் இதே இனம். அது ஈரமாக இருக்கும்போதே விரலை அக்ரிலிக் தூளில் தோய்த்து, மீண்டும் தடவித் தோய்த்து, ஆக்டிவேட்டர் பூசினால் சில நிமிடங்களில் இறுகிவிடும். விளக்கொளியில் காய வைக்கத் தேவையில்லை என்பதே விற்பவர் சொல்லும் சிறப்பு. இறுகியபின் நகத்தின்மீது நிற்பது ஒரு பிளாஸ்டிக் ஓடு. நீர் அதைக் கடந்து நகத்தைச் சேராது.

உளூவில் கைகளை முழங்கைவரை கழுவுவது அல்மாயிதா அத்தியாயம் 6ஆம் வசனத்தின் கட்டளை. பாதத்தில் நகமளவு இடம் நனையாமல் விட்டவரைத் திரும்பிச் சென்று செம்மையாக உளூச் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நகமளவுக்கே அந்நிலை என்றால் பத்து நகங்களுக்கு என்ன சொல்வது? மருதாணி வேறு. விழுதைக் கழுவிய பின் எஞ்சும் சாயம் தோலோடும் நகத்தோடும் பிணைந்துவிடுகிறது. மேலே படலமாக நிற்பதில்லை. (கடையில் விற்கும் ‘கருப்பு மருதாணி’யை இதில் சேர்க்க வேண்டாம், அதில் கலக்கப்படும் தலைச்சாய இரசாயனம் தோலைப் புண்ணாக்கக்கூடியது.)

தொழுகையில்லாத நாட்களில் போட்டுக்கொள்ளலாமே என்று சகோதரிகள் கேட்பர். சாதாரண நகப்பூச்சுக்கு அது நியாயமான விடை. டிப் பவுடரோ இரண்டு மூன்று வாரம் நிற்பதற்கென்றே செய்யப்பட்டது. மாதவிடாயின் உச்சக் காலம் ஹனஃபி மத்ஹபில் 10 நாள், ஷாஃபியீயில் 15 நாள். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கடமையான குளிப்புக்கு முன் பூச்சு அகன்றாக வேண்டும். மேற்பரப்பை அரத்தால் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சைக் கட்டிக் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும். பொறுமையிழந்து சுரண்டினால் நகத்தின் மேலடுக்கும் உடன் பெயரும்.

பேறுகாலம் போன்ற நீண்ட இடைவெளியில் போட்டுக்கொள்பவர் சிலவற்றைக் கவனிக்கட்டும். ஒரே டப்பாவில் பலர் விரல் தோய்க்காமல், தூளைக் கரண்டியால் நகத்தில் தூவிக்கொள்ளலாம். அந்தப் பசை பருத்தித் துணியில் சிந்தினால் கடுமையாகச் சூடேறித் தோலைச் சுடும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும், அடுப்படியில் வேண்டாம். அரிப்போ தடிப்போ கண்டால் அன்றே நிறுத்துக. அக்ரிலேட் ஒவ்வாமை ஒருமுறை வந்தால் விலகுவதில்லை, பிற்காலத்தில் பல் சிகிச்சைப் பொருள்களுக்குக்கூட உடல் ஒவ்வாமல் போகலாம். நாள்முழுதும் உப்புநீரில் கைவைப்போருக்குப் பூச்சின் ஓரம் விரைவில் தூக்கிக்கொள்ளும். அந்த இடுக்கில் ஈரம் தங்கி நகம் கெடும்.

கல்யாண வீட்டுக்கு ஒருநாள் அழகு வேண்டுமெனில், ஒட்டுத்தாளால் பொருத்தும் செயற்கை நகங்கள் கிடைக்கின்றன. உளூவுக்கு முன் அவற்றைக் கழற்றி, ஒட்டின் மிச்சத்தையும் துடைத்துவிடலாம்.